நுரையீரலுக்குள் கிருமிகள் பேசிக்கொண்டால்...

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் யாருக்காவது பெரிய அடிபட்டால், ஆம்புலன்ஸ் பக்கத்தில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குத்தான் விரையும். அங்கே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வென்டிலேட்டரில் வைத்து உயிரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஆனால், அந்த டியூப் வழியாகவே நிமோனியாவும் இறங்கிவிடுவதுண்டு. ஜிப்மர் ஐ.சி.யு.க்களில் 200 நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், 18 சதவீதம் பேருக்கு அப்படி வந்திருந்தது. இதற்குக் காரணமான கிருமிகளில் முக்கியமானது சூடோமோனாஸ் ஏருஜினோசா.

ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழ்கிற கிருமி இது. திடமான நுரையீரலிடம் இதன் ஜம்பம் பலிக்காது. டியூபின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால் கதை வேறு. ஒவ்வொரு கிருமியும் ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்த சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டபடி இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அவையும் அடர்த்தியாகும். ஓர் அளவைத் தாண்டியதும், கிருமிக்குள் இருக்கும் புரதங்கள் அந்தச் சமிக்ஞையைப் பிடித்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றால் உருவாகும் எலாஸ்டேஸ் நொதி நுரையீரலின் மீள்தன்மை நார்களை அரிக்கிறது. ராம்னோலிப்பிட், காக்க வந்த வெள்ளணுக்களை உடைக்கிறது. சளி பச்சையாவது பயோசயனின் என்ற நச்சு நிறமியாலும்தான். நோய் முற்றுவதில் கிருமிகளின் எண்ணிக்கையோடு இந்தச் சமிக்ஞைப் பேச்சுக்கும் பெரிய பங்குண்டு.

அந்தப் பேச்சைத் தடுக்கும் பொருள்களை காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, தஞ்சை சாஸ்த்ரா ஆய்வுக்கூடங்களில் தேடிவருகிறார்கள். இந்தத் துறையின் முதல்கட்டச் சோதனை பார்க்கவே அழகு. குரோமோபாக்டீரியம் என்ற கிருமி, தன் இனத்தோடு பேசினால்தான் கத்தரிப்பூ நிறம் காட்டும். அதைத் தட்டு முழுக்க வளர்த்து, நடுவில் மூலிகைச் சாறு தோய்த்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் இருந்தால் கிருமி செத்துவிட்டது. மங்கலாக, நிறமற்ற வளையம் இருந்தால் கிருமி உயிரோடுதான் இருக்கிறது. பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. தேடுவது இந்த இரண்டாவது வளையத்தை.

நாம் காய்ச்சலென்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அஜித்ரோமைசினுக்கும் பேச்சைத் தடுக்கும் இந்தக் குணம் உண்டு. வழக்கமான அளவில் அது சூடோமோனாஸைக் கொல்லாது. ஆனாலும், சூடோமோனாஸ் தொற்றிய, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ளவர்களின் நுரையீரல் திறன் அதனால் கூடியதை 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கிருமிகளின் பேச்சை அது குலைப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

பேச்சை அடக்கினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். டியூபோடு இருந்த நோயாளிகளை ஆராய்ந்த ஜெனீவா குழு 2010-ல் எழுதியது இது: மருந்து பெறாதவர்களிடம், சமிக்ஞைக்குச் செவிசாய்க்காத, அதிகம் தீங்கு செய்யாத கிருமிகள் தாமாகவே பெருகின. அஜித்ரோமைசின் பெற்றவர்களிடமோ அந்தச் சோம்பேறிகளின் அனுகூலம் பறிபோய், வீரியமுள்ளவை நிலைத்தன. ஆகவே யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்று தெரியாமல் இந்த உத்தியைக் கையில் எடுப்பது ஆபத்து. அது தெளிவாகும்வரை ஐ.சி.யு.வில் நம்பக்கூடியவை பழைய வேலைகள்தான்: கை கழுவுவது, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, முடிந்தவரை சீக்கிரம் டியூபை எடுத்துவிடுவது.