தூக்கி எறியுமுன்...

ஒரு நூல் புடவை எத்தனை வகையில் உழைத்து ஓயும் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். ஞாயிறு பூசைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் உடுத்திய புடவை, சாயம் சற்று மங்கியதும் வீட்டுப் புடவையாகும். நடுவில் நைந்து கிழிந்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நன்றாயிருக்கும் இரு துண்டுகளையும் இணைத்துத் தைத்து மேலும் ஓராண்டு உடுத்துவார்கள். அதுவும் தளர்ந்தபின் ஒரு பகுதி தூளியாகும். ஒரு பகுதி பச்சிளங்குழந்தையைத் துடைக்கவும் கிடத்தவும் உதவும். பலமுறை துவைத்த பழந்துணியின் மென்மை புதுத் துணிக்கு வராது என்பதைப் பிள்ளை பெற்ற தாய்மார் அறிவர். கோடையில் வடகம் பிழிய ஒரு துண்டு, அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் பிடிதுணியாக ஒரு துண்டு, வீடு மெழுக ஒரு துண்டு. இறுதியில் எஞ்சிய கந்தல் விளக்குத் திரியாகும். குப்பைக்குப் போனது என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இன்று அப்படிச் செய்கிறோமா? இல்லை. ஆனால் இதற்காக இக்கால இல்லத்தரசிகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. துணியே மாறிவிட்டது. பாலியஸ்டர் துணி நீரை உறிஞ்சாது. ஆகவே துடைக்க உதவாது. சூடு பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிடிதுணியாக்குவது ஆபத்து. மண்ணில் புதைத்தால் நூல் துணியைப் போல் மக்குவதுமில்லை. பீரோவில் அடுக்கியிருக்கும் புடவைகளை வைத்துக்கொண்டு, “பாட்டி செய்தாளே, உன்னால் ஏன் முடியவில்லை?” என்று மனைவியைக் கேட்கும் கணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். ஒரு பொருளை மறுமுறை பயன்படுத்துவது அது பழசாகும் நாளில் தொடங்குவதன்று. கடையில் அதைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. வீட்டு உடைக்கும் துண்டுக்கும் படுக்கை விரிப்புக்குமாவது பருத்தியை வாங்கினால், அதன் பிற்கால வேலைகளையும் சேர்த்தே வாங்கியவர்களாகிறோம்.

பொருள்களின் பிற்கால வாழ்வுக்கென்றே தெருவில் ஒரு வாணிபம் நடந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்தவரையும், கிழிந்த துணிகளை வாங்கிக்கொண்டு பாத்திரம் தந்தவரையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுபவர் வீதியில் குரல் கொடுப்பார். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிக் கெட்டுவிடும் என்பதால், ஈயம் பூசிப் பூசி ஒரே பாத்திரத்தை மூன்று தலைமுறை ஆண்டார்கள். இன்றும் பழைய காகிதமும் இரும்பும் எடுப்பவர் வருகிறார். அவரோடு கால் கிலோவுக்காக வாக்குவாதம் செய்கிறோம். அவர் வராவிட்டால் நம் வீடும் ஊரும் என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைக்குப் பை எடுத்துச் செல்லும் வழக்கமும் இடையில் நம்மைவிட்டுப் போயிற்று. நாளொன்றுக்கு ஒரு பை வாங்கினாலே ஓர் ஆண்டில் ஒரு வீட்டிலிருந்து 365 பைகள் குப்பைக்குச் செல்லும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பையை நாகரிகக் குறைவென்று ஒளித்து வைத்த நாம், அதையே மறுபடி எடுத்து வரும்படி அறிவுரை கேட்க நேர்ந்தது விந்தைதான்.

இனி, சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். வேண்டாத பொருளை ஏழைக்குக் கொடுத்துவிட்டால் அது வீணாகவில்லை என்று நாம் மனநிறைவு அடைகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்தபோது, நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் வந்து குவிந்தன. பெரும்பகுதி உடுத்தத் தகாதவை. அந்த மக்களின் வழக்கத்திற்கு ஒவ்வாதவையும் பல. நாகப்பட்டினம் போன்ற இடங்களில் அவை சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. உற்றாரையும் வீட்டையும் இழந்து நின்ற மீனவ மக்கள், எவரோ கழித்துப் போட்ட கந்தலை உடுத்த மறுத்தார்கள். மறுத்தது தவறா? உழைத்து, தம் கையால் வாங்கி உடுத்தியவர்கள் அவர்கள். அவ்வாறு கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது, அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு. உடுத்தத் தக்கவற்றைத் தனியே பிரிப்பதும், நைந்த நூல் துணியைத் தூய்மையாக்கி ஏழைப் பெண்களின் மாதவிடாய்க் காலத்துக்கான துணிகளாக ஆக்குவதும் அவர்களுடைய பணிகளில் அடங்கும்.

நம் பங்குகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் துணி சேகரிப்பதுண்டு. கொடுக்கும் மூட்டையைக் கட்டுமுன் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். பொத்தான் இல்லையேல் தையுங்கள். துவைத்துத் தேய்த்து மடித்து வையுங்கள். நம் பிள்ளைக்கு அதை உடுத்த நாம் தயங்கினால், அது நம் வீட்டுத் துடைதுணியாகவே இருக்கட்டும்.

சிக்கனத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை மீறியதால் உயிர் போனதும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தனர். உணவில் மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. சமையல் எண்ணெயை அம்மருந்து இருந்த கலத்தில் வைத்திருந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பூச்சிமருந்து, உரம், அமிலம், வண்ணப்பூச்சு இருந்த கலங்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தலாகாது. வயல் வேலை செய்யும் குடும்பங்களில், காலியான மருந்து டப்பா நன்றாயிருக்கிறதே என்று உப்பும் புளியும் போட்டு வைப்பதை இன்றும் காணலாம். அத்தகைய கலத்தைத் துளையிட்டு எவருக்கும் பயன்படாதபடி செய்துவிடுவதே அறிவுடைமை.

இதே தவற்றின் மறுபக்கத்தை நானும் செய்திருக்கிறேன். கலர் பானம் இருந்த பாட்டிலில் பினாயிலை ஊற்றிக் குளியலறை மாடத்தில் வைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், நான்கு வயதுச் சிறுவன், தாகத்தில் அதை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் தற்செயலாக அப்பக்கம் வந்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. மண்ணெண்ணெய், அமிலம், பினாயில் எதுவாயினும் அது வந்த கலத்திலேயே, எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மேலே வரும்போது அமிலம் தொண்டையை மறுபடி புண்ணாக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும்.

பலகாரம் சுட்ட எண்ணெயும் இத்தகையதே. அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது சேமிப்பன்று. கறுத்து, தடித்து, சிறிது சூட்டிலேயே புகைந்தால் அதன் வேலை முடிந்தது. முதலிலேயே சிறிய வாணலியில் குறைவாக ஊற்றிச் சுடுவதே வழி. செய்தித்தாளில் வடையும் பஜ்ஜியும் வைத்துத் தருவதும் தவிர்க்கத் தக்கது. அச்சு மை எண்ணெயோடு கலந்து உடலுக்குள் செல்கிறது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே எச்சரித்தது. வாழையிலை நறுக்கு எங்கே போயிற்று?

கண்ணாடிப் புட்டிகளைப் பற்றித் தயக்கம் வேண்டா. கொதிநீரில் கழுவி, கவிழ்த்து, வெயிலில் ஈரமறக் காயவைத்தால் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஈரம் இருந்தால் மட்டும் பூசணம் பூக்கும். அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு; மாடில்லாத வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு. காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் ஒரு பழைய மண்தொட்டியில் மண்ணோடு மாறிமாறி இட்டு வைத்தால், சில மாதங்களில் எருவாகும்.

திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளைப் பத்திரப்படுத்தி, மறு ஆண்டு எரித்து அந்தச் சாம்பலையே திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் இடுகிறார்கள். உருகி எஞ்சிய மெழுகுத் துண்டுகளைச் சேர்த்து வைக்காத கோயில்பிள்ளை உண்டோ! 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், ஒரு பொருளை உடனே எறியாது மறுபடி பயன்படுத்துவதை அன்றாடச் சிறு கடமைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று. என்றாவது பயன்படும் என்று பரண் மீது ஏற்றி வைப்பது மறுபயன்பாடு ஆகாது. கைப்பிடி உடைந்த குடைகளும், ஓடாத கடிகாரங்களும், மூடி தொலைந்த டப்பாக்களும் அங்கே கரப்பானுக்கும் எலிக்கும் மாளிகையாகின்றன. ஓராண்டு கைபடாத பொருளை இறக்குங்கள். செப்பனிட முடிந்தால் செப்பனிடுங்கள், இல்லையேல் பழைய பொருள் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, மே மாத விடுமுறையைச் சொல்வேன். தேர்வு முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டுகளை நடுக்கூடத்தில் குவித்து, எழுதாத தாள்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஒரு நோட்டில் 15 தாள் மிஞ்சினால், ஐந்து நோட்டுக்கு 75 தாள். இருபுறமும் சேர்த்து 150 பக்கம். ஓரங்களைச் சமமாகத் தட்டி அடுக்கி, கோணி ஊசியால் மூன்று துளையிட்டு, சணலால் இறுக்கித் தையுங்கள். ஊசி பிடிப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள, கூழ் காய்ச்சுவதையும் அட்டை ஒட்டுவதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். கடந்த ஆண்டு நாட்காட்டியின் கெட்டித் தாள் மேலட்டைக்குப் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நோட்டு தயார். அட்டையின் மேல் பெயரை அவனே எழுதிக்கொள்ளட்டும்.