மெய்நிகர்ச் செயலிகளும் சீட்டுப்பூட்டின் வரிசையும்: லினக்ஸ் கருநிரலை முன்வைத்து

பல உள்ளகங்கள் கொண்ட செயலியில், ஒரே தரவை இரண்டு உள்ளகங்கள் ஒருங்கே திருத்தாமல் காக்கும் பொறுப்பு கெர்னல் எனப்படும் கருநிரலுடையது. அதன் கருவிகளுள் ஒன்று சுழல்பூட்டு. பூட்டு கிடைக்காத உள்ளகம் உறங்குவதில்லை. கிடைக்கும்வரை சோதித்துக்கொண்டே இருக்கும். பூட்டு மிக விரைவில் விடுபடும் என்னும் எதிர்பார்ப்பே இதன் அடிப்படை.

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரே தராசு உள்ள மீன்கடையொன்றைக் கற்பித்துக்கொள்ளலாம். கூட்டம் நெருக்கினால் வலியவரே முந்துவர். வந்த வரிசையில் எண்ணிட்ட சீட்டு வழங்கினால் அக்குறை நீங்கும். நிக் பிக்கின் வடிவமைத்து, 2008இல் லினக்ஸ் 2.6.25 பதிப்பில் இடம்பெற்ற சீட்டுப்பூட்டு இவ்வொழுங்கையே கொண்டுவந்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 2.6.20 பதிப்பில் கேவிஎம் இணைந்து, வன்பொருள் மெய்நிகராக்கம் கருநிரலின் பகுதியாகிவிட்டது. மெய்நிகர் எந்திரத்தினுள் இயங்கும் விருந்தினர் கருநிரல், தனக்கு நான்கு செயலிகள் உள்ளன எனக் கருதும். ஓம்புநர் கருநிரலுக்கோ அவை வேண்டும்போது நிறுத்திவைக்கத்தக்க நான்கு இழைகள் மட்டுமே. பூட்டை வைத்திருக்கும் மெய்நிகர்ச் செயலி அவ்வாறு நிறுத்தப்பட்டால் ஏனையவை வீணே சுழலும். சீட்டுப்பூட்டில் இதனினும் பெரிய கேடு உண்டு. தராசு காலியாக இருக்கிறது. ஆனால் அடுத்த எண்ணுக்குரியவர் வெளியே நிற்கிறார். அவர் வரும்வரை எவரும் மீன் வாங்க இயலாது. மெய்யான வன்பொருளில் அறமாக விளங்கிய வரிசையே இங்குத் தடையாகிறது.

வன்பொருள் தந்த தீர்வு அரைகுறையானது. ஒரு மெய்நிகர்ச் செயலி நெடுநேரம் சுழல்வதைக் கண்டு, கட்டுப்பாட்டை ஓம்புநரிடம் ஒப்படைக்கும் வசதி பிற்காலச் செயலிகளில் உண்டு. எனினும் அடுத்த சீட்டு யாருடையது என்பதை ஓம்புநர் அறியாது, அறிந்திருப்பது விருந்தினரே. யார் இயங்குகிறார், யார் நிறுத்தப்பட்டார் என்பதோ விருந்தினருக்குத் தெரியாது.

இவ்விரு அறிவையும் இணைத்ததே ஐபிஎம் இந்தியப் பிரிவின் ஸ்ரீவத்ச வத்தகிரி, ராகவேந்திரா ஆகியோரின் பங்களிப்பு. ஜெரமி ஃபிட்ஸ்ஹார்டிங் ஜென் மெய்நிகராக்கிக்கென முன்னெடுத்த அணுகுமுறையை அவர்கள் கேவிஎம்முக்குக் கொணர்ந்தனர், 2013இன் 3.12 பதிப்பில் அது இடம்பெற்றது. ஓர் எல்லைவரை சுழன்றும் பூட்டு கிடைக்காத மெய்நிகர்ச் செயலி தானே உறங்கும். பூட்டை விடுபவர், அடுத்த சீட்டுக்குரியவரை எழுப்புமாறு ஓம்புநரிடம் கோருவார். மெய்நிகராக்கத்தின் இலட்சியம் விருந்தினர் தன் நிலையை அறியாதிருத்தல் எனில், அவ்விலட்சியம் இங்குத் தளர்ந்தது. அத்தளர்வு இன்றியமையாததே எனலாம்.

2015இன் 4.2 பதிப்பில், வெய்மன் லாங் முதலியோரின் வரிசைப்பூட்டு எக்ஸ்86 செயலிகளில் சீட்டுப்பூட்டின் இடத்தைப் பெற்றது. உறங்கி எழுப்பும் உத்தி அதிலும் தொடர்ந்தது. அவ்வுதவி கிடைக்காத மெய்நிகர் எந்திரத்தில் தான் இயங்குவதைக் கண்டால், கருநிரல் வரிசையையே கைவிட்டு, முந்தியவர்க்கே பூட்டு என்னும் பழைய எளிய முறைக்குத் திரும்பிவிடுகிறது.