கரிசல் தானே உழுதுகொள்ளும்

திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில் கரிசல் காட்டுக்குள் இறங்கினால் வெடிப்புகள் வாய் பிளந்து கிடக்கும். சிலவற்றில் முழங்கை வரை கை போகும். விளிம்பைத் தொட்டால் மண் குருணை குருணையாக உதிர்ந்து உள்ளே விழும். அங்கே ஓர் உழவு நடந்துகொண்டிருக்கிறது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் கரிசலில் மிகுதி. உள்ளே விழுந்த மேல்மண் அடுத்த மழையில் ஊறி உப்ப, அடிமண் மெல்ல மேலே நெருக்கப்படுகிறது. ஆண்டாண்டாக நடக்கும் இந்தப் புரட்டலுக்கு ஆற்றல் தருவது வெயிலும் மழையும்.

அந்த வேலையை நாம் செய்தால்? ஓர் ஏக்கரை அரையடி ஆழம் உழுதால் ஏறத்தாழ 800 டன் மண்ணை அசைக்கிறோம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் உண்டு. எஞ்சின் சூட்டிலும் சக்கர வழுக்கலிலும் போனது போகக் கொழுமுனைக்கு வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு ஜோடி மாடு மூன்று மணி நேரம் ஏர் இழுக்கும் வேலை அது.

நீலகிரி உருளைக்கிழங்குக்கு இந்தக் கணக்கு இன்னும் ஏறும். நடுமுன் ஆழமாகப் பொலபொலப்பாக்கி, வளரும்போது மண் அணைத்து, அறுவடைக்கு அதே மண்ணை மறுபடி தோண்ட வேண்டும். நம் குதிரைவாலிக்கும் மல்லிக்கும் விளைச்சல் தரைக்கு மேலேயே நிற்கிறது.

கரிசலில் எந்தக் கலப்பை என்பதைவிட எந்த நாள் என்பதே டீசல் செலவை அதிகம் தீர்மானிக்கிறது என்பேன். காய்ந்த கரிசல் செங்கல் மாதிரி. சட்டிக் கலப்பை பெரும் கட்டிகளாகப் பெயர்க்கும். அவற்றை நொறுக்க ரோட்டவேட்டருக்கு இன்னொரு தடவை எண்ணெய் ஊற்ற வேண்டும். அப்படி மாவாக்கிய மண்ணில் மழை அடித்தால் மேலே பாளம் கட்டி, தண்ணீர் இறங்காமல் ஓடிவிடும். ஈரம் மிஞ்சினாலோ மண் கொழுவில் அப்பும், டயர் நின்ற இடத்திலேயே சுழலும்.

நடுவே இருப்பது பதம். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. துகள்களின் பிடிப்பைத் தளர்த்தும் அளவுக்கு நீர் இருக்கும், பசையாக்கும் அளவுக்கு இருக்காது. கொழு பட்டதும் மண் ஏற்கெனவே உள்ள நுண்விரிசல்கள் வழியே பிரிந்துவிடும்.

கோடை மழை தரும் அந்த ஓரிரு நாள் பதத்தில் உழுது போட்டவர்கள், புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடலாம். ஐப்பசி அடைமழையில் சேற்றுக்குள் டிராக்டர் இறக்க வேண்டியதில்லை.