சீனி வருத்தமும் கண் பார்வையும்: ஆராய்ச்சிகள் நமக்குச் சொல்வது என்ன?

நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் நாம் சொல்வது ஒரே நோயைத்தான். இந்நோய் உள்ளவர்கள் பலர், "எனக்கு ஒரு குறையும் இல்லை, வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன், பின் எதற்குக் கிளினிக்?" என்று கேட்பதுண்டு. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் கூடுதலாக எழுகின்றது. கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும், பஸ் காசு வேண்டும், கொப்பியும் பழைய வீட்டோடு போய்விட்டது. நோவு இல்லாத ஒரு வருத்தத்துக்காக இவ்வளவு சிரமம் ஏன் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் இந்த வருத்தம் நோவு தராமலேயே கண்ணைக் கெடுக்கின்றது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இது எவ்வாறு நடக்கின்றது, இதைத் தடுக்கலாம் என்பதை ஆராய்ச்சியாளர் எப்படிக் கண்டறிந்தனர், நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள் போன்ற ஒரு படை உண்டு. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் காணும் காட்சி அதில்தான் விழுகின்றது. அந்தத் திரைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் தலைமயிரை விட மெல்லியவை. குளத்து நீரை வயலுக்குக் கொண்டு செல்லும் சிறு வாய்க்கால்களைப் போன்றவை அவை.

இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடி நின்றால் இவ்வாய்க்கால்களின் கரை பலவீனமடைகின்றது. முதலில் ஆங்காங்கே சிறு வீக்கங்கள் தோன்றும். பின்பு கசிவு ஏற்படும். கசிந்த நீர் திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் பார்வை மங்கும். வேறு சில வாய்க்கால்கள் அடைபட்டுப் போகும். அப்போது இரத்தம் கிடைக்காத பகுதி, தனக்கு இரத்தம் வேண்டும் என்று புதிய குழாய்களை முளைக்கச் செய்யும். இப்புதுக் குழாய்கள் உறுதியற்றவை. அவை வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், திரையையே இழுத்துக் கழற்றியும் விடலாம்.

இவற்றில் முதற் கட்டங்கள் நடக்கும்போது நோயாளிக்கு எதுவும் தெரியாது. பார்வை நன்றாகவே இருக்கும். பார்வை குறைந்தபின் வைத்தியரிடம் போகும்போது சேதம் முற்றியிருக்கலாம். கண்புரை என்றால் வில்லையை மாற்றிப் பார்வையை மீட்கலாம். இறந்துபோன விழித்திரையை மாற்ற வழியில்லை, கண்ணாடி போட்டும் பயனில்லை.

ஒரு கண்ணுக்கு வைத்தியம், மறு கண் ஒப்பீட்டுக்கு

புதிய விதை நெல்லை நம்பலாமா என்று அறிய விவசாயி என்ன செய்கிறார்? ஒரே வயலில் ஒரு பாத்தியில் புது விதையையும் பக்கத்துப் பாத்தியில் பழைய விதையையும் போட்டுப் பார்க்கிறார். மண்ணும் மழையும் ஒன்று என்பதால், விளைச்சலில் தெரியும் வித்தியாசம் விதையினால் வந்தது என்று துணியலாம். மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படையும் இதுவே.

ஜேர்மனியைச் சேர்ந்த கண் வைத்தியர் கேர்ட் மையர் ஷ்விக்கெராத், சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் தழும்பு விழுவதைக் கவனித்தார். கண்ணைக் கெடுக்கும் இதே ஒளியை அளவோடு பாய்ச்சி வைத்தியம் செய்ய முடியாதா என்று சிந்தித்து, 1940களின் பிற்பகுதியில் அம்முயற்சியைத் தொடங்கினார். பிற்காலத்தில் லேசர் ஒளி வந்தபோது இம்முறை எளிதாகியது. ஆயினும், விழித்திரையைச் சுட்டுத் தழும்பாக்குவது நோயாளிக்கு நன்மையா தீமையா என்பது உறுதியாகத் தெரியவில்லை.

இதை அறிய அமெரிக்காவில் 1970களில் 15 நிலையங்களில் 1,758 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளி வைத்தியம் செய்தார்கள். மறு கண்ணை அப்படியே விட்டுக் கவனித்தார்கள். எந்தக் கண் என்பதைத் தெரிவு செய்தது வைத்தியரின் விருப்பம் அல்ல, குலுக்கல் முறையே. இரண்டு ஆண்டுகளில், வைத்தியம் செய்யாத கண்களில் ஏறக்குறைய 16 வீதம் பார்வையைப் பெருமளவு இழந்தன. வைத்தியம் செய்த கண்களில் அது ஏறக்குறைய 6 வீதம் மட்டுமே. இது தெளிவானதும், 1976இல் ஆய்வின் விதியையே மாற்றி, ஆபத்துக் கூடிய மறு கண்களுக்கும் வைத்தியம் வழங்க முடிவு செய்தார்கள். நன்மை என்று அறிந்த பின்பும் ஒரு மனிதரின் கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பது நியாயமன்று என்பதே காரணம்.

சீனியைக் கட்டுப்படுத்தினால் கண் தப்புமா?

லேசர், நோய் முற்றும்போது செய்யும் வைத்தியம். முதலிலேயே நோய் வராமல் தடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இன்சுலின் இன்றி வாழ முடியாத வகை நீரிழிவு உள்ள 1,441 பேர் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு வழமையான வைத்தியம். மறு பகுதியினருக்கு அடிக்கடி இரத்தம் பார்த்து, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் வைத்தியம். தொடக்கத்தில் கண்ணில் பாதிப்பு இல்லாதவர்களிடம், இறுக்கமான வைத்தியம் விழித்திரை நோய் தோன்றும் ஆபத்தை 76 வீதம் குறைத்தது. ஏற்கெனவே சிறிது பாதிப்பு உள்ளவர்களிடம் அது மோசமாவதை 54 வீதம் குறைத்தது.

ஆய்வு முடிந்தபின் இரு பகுதியினரின் சீனி அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முன்பு நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுடைய கண்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து குறைவாகவே பாதிக்கப்பட்டன. வயலுக்கு இட்ட அடியுரம் பின்வரும் போகங்களுக்கும் பயன் தருவது போன்றது இது. எனவே கவனிப்பைத் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பது நல்லது.

நம் கிராமங்களில் அதிகம் காணப்படுவது வளர்ந்தவர்களுக்கு வரும் மற்ற வகை நீரிழிவு. அதைப் பற்றிப் பிரித்தானியாவில் 1977இல் தொடங்கிய ஆய்வில் 5,102 பேர் சேர்க்கப்பட்டனர். 1998இல் முடிவுகள் வெளிவந்தன. சீனியை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு குழாய்களில் வரும் கேடுகள் 25 வீதம் குறைந்தன. இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரை நோய் மோசமாவது 34 வீதம் குறைந்தது. இதற்குப் பயன்பட்டவை கப்டோபிறில், அற்றெனலோல் போன்ற சாதாரணக் குளிசைகளே. ஆகவே சீனியை மட்டும் பார்த்துப் பிறஷரை விட்டுவிடக் கூடாது.

இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நீரிழிவு இருப்பது புதிதாகக் கண்டறியப்பட்ட அன்றே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விழித்திரையில் பாதிப்பின் அடையாளம் இருந்தது. இதனால்தான் இவ்வகை நீரிழிவு தெரிந்தவுடனேயே கண்ணையும் காட்ட வேண்டும் என்கிறோம்.

மிகையும் ஆபத்தே

சீனியை எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. இறுக்கமான வைத்தியம் பெற்றவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயங்கும் நிலை மும்மடங்கு கூடுதலாக ஏற்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரைக் கொண்டு நடந்த வேறொரு ஆய்வில், சீனியை மிகக் கடுமையாகக் குறைத்த பகுதியினரிடையே மரணம் கூடியதால் 2008இல் அவ்வைத்தியத்தை இடையில் நிறுத்த நேர்ந்தது.

நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காத குடும்பங்களுக்கு இது முக்கியமான பாடம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஏற்பட்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பின்பு ஏதாவது உண்ண வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சாப்பாடு கிடைக்காத நாளில் குளிசையை அல்லது இன்சுலினை என்ன செய்வது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதை அறிந்தால்தான் அவர் பொருத்தமான அளவைக் குறிக்க முடியும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதியுங்கள். எழுத்துப் பலகையை வாசிப்பது மட்டும் போதாது. மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஒருவரையும் ஒரு குடையையும் கொண்டு போங்கள். சைக்கிள் ஓட்டி வர வேண்டாம்.

2. கண் முன் கரும்புள்ளிகள், நூல்கள் திடீரென மிதந்தாலோ, திரை விழுவது போல் தோன்றினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே போங்கள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று கண் வைத்தியர் சொன்னால் அஞ்ச வேண்டாம். 2000களுக்குப் பின் வந்த இவ்வைத்தியம், திரையின் நடுவே நீர் தேங்கிய பலரின் பார்வையைக் காத்துள்ளது.

3. நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்கத்திலேயே கண்ணைக் காட்ட வேண்டும். அக்காலத்தில் விழித்திரை நோய் விரைந்து கூடலாம்.

4. கால் உணர்ச்சி குறைவதும் இந்நோயின் கேடுதான். வெறுங்காலுடன் வயலிலும் சுடுமணலிலும் நடக்க வேண்டாம். இரவில் பாதங்களைக் கழுவி, துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும்.

5. பாகற்காயும் வெந்தயமும் உணவாக நல்லவையே. அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம். புகைத்தலை விட்டுவிடுங்கள்.

6. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்த சிறு சட்டியில், நீர் படாதபடி மூடி நிழலில் வைக்கலாம். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம்.

7. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். புதிய இடத்துக்குப் போனால் முதல் வாரத்திலேயே அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதியுங்கள். கொப்பி தொலைந்துவிட்டது என்பதற்காக ஒருவரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். புதுக் கொப்பி போட்டுக்கொள்ளலாம்.

ஒரு குடியிருப்பில் நாலைந்து பேருக்கு இவ்வருத்தம் இருந்தால், ஒரே நாளில் சேர்ந்து கிளினிக்குக்குப் போக ஒழுங்கு செய்யலாம். ஒருவருடைய கண்ணுக்கு மருந்து விட்டால் மற்றவர் கைபிடித்துக் கூட்டிவரலாம், வாகனச் செலவையும் பங்கிடலாம். மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், நீரிழிவு உள்ளவர்களில் யார் யார் கடந்த ஓராண்டில் கண்ணைக் காட்டவில்லை என்று கேட்டு, ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். பட்டியலில் முதற் பெயர் யாருடையதோ, அவரோடு துணைக்குப் போவது யார் என்பதையும் அன்றே தீர்மானியுங்கள்.