மலையேறினால் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும்!

மேட்டுப்பாளையத்தில் சிரமமில்லாமல் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜினை ஊட்டிப் பக்கம் கேரட் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், அதே பம்ப்பை இழுக்க முடியாமல் கரும்புகை கக்கித் திணறும். உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் கோளாறு இன்ஜினில் இல்லை. இடத்தின் உயரத்தில் இருக்கிறது.

ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி இங்கே குறைவு. டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவிகித சக்தியை இழக்கும். கடற்கரையில் 5 ஹெச்.பி. கொடுத்தது, இங்கே 4 ஹெச்.பி. கொடுப்பதே கஷ்டம்.

சக்தி குறைந்த இன்ஜினுக்கு எவ்வளவு சுமை கொடுக்கலாம் என்பதற்குப் படகுக்காரர்களிடம் தெளிவான கணக்கு இருக்கிறது. 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியில் இன்று மோட்டார் படகுகள் ஓடுகின்றன. மோட்டார் படகைத் தள்ளுவது, தண்ணீருக்குள் சுழலும் புரொப்பல்லர் விசிறி. அதில் 13 x 19 என்று போட்டிருந்தால், விட்டம் 13 அங்குலம், பிட்ச் 19 அங்குலம். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றில் விசிறி கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். இது ஓர் அங்குலம் கூடினால், படகின் வெளிப்புற மோட்டார்களில் முழு வேகச் சுற்று நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை குறையும்.

விசிறி பெரிதாகிவிட்டால், டாப் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும் லாரியின் கதிதான். ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுத்தாலும் கம்பெனி சொன்ன சுற்றை இன்ஜின் எட்டாது. சூடேறும், பேரிங்கும் கியர் பாக்ஸும் அடிவாங்கும். விசிறி சிறிதானால் இன்ஜின் அலறும், படகு நகராது. அதனால்தான் மலை ஏரிக்கு வரும் படகுக்கு, பிட்ச் குறைந்த விசிறி மாட்ட வேண்டும்.

பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். சுற்று 10 சதவிகிதம் கூடினால், அது கேட்கும் சக்தி 33 சதவிகிதம் கூடிவிடும். 'தண்ணீர் கூடுதலாக வரட்டும்' என்று இன்ஜினில் பெரிய புல்லி மாட்டுவது, திணறும் மாட்டின் மேல் இன்னொரு மூட்டை ஏற்றுவதற்குச் சமம். டீசலைக் கூட்டி வைப்பதும் வீண். எரிக்கக் காற்று இல்லாததால் புகைதான் கூடும்.

பெல்ட்டில் ஓடும் செட் என்றால், பம்ப் பக்கம் சற்றுப் பெரிய புல்லி போட்டுச் சுமையைக் குறைக்கலாம். ஆனால் சுற்று 10 சதவிகிதம் குறைந்தால், தண்ணீர் ஏறும் உயரம் 19 சதவிகிதம் குறையும். ஓடையிலிருந்து மேல் அடுக்குத் தோட்டம் வரை ஏற்ற வேண்டியவர்களுக்கு இது உதவாது. அவர்கள் அடுத்த ஹெச்.பி. இன்ஜினைத்தான் வாங்க வேண்டும். கடையில் தோட்டத்தின் உயரத்தையும் சொல்லிக் கேட்பது நல்லது. மின் மோட்டாருக்கு இந்த மூச்சுத் திணறல் கிடையாது.

ஆனால், மின் மோட்டாரோ டீசல் இன்ஜினோ, பம்ப் தண்ணீரை உறிஞ்சும் ஆழம் இங்கே குறைவுதான். கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர், ஊட்டியில் 8 மீட்டருக்கும் குறைவு. குழாய் உராய்வு, கசிவெல்லாம் போக 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பம்ப்பை மேட்டில் வைத்து உறிஞ்சவிடாமல், ஓடைக்குப் பக்கத்தில் வெள்ளம் தொடாத இடத்தில் இறக்கி வைத்துத் தள்ளவிட வேண்டும்.