வால் நீளும் எழுத்துகள்

கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போடச் சொன்னால் நான் முதலில் எடுப்பது ஸாப்ஃபினோ ஃபான்ட்டைத்தான். பட்டை முனைப் பேனாவால், கையைத் தடுக்காமல் ஓடவிட்டு எழுதியதுபோல் இருக்கும். அது பிறந்ததும் அப்படித்தான்.

ஹெர்மன் ஸாப்ஃப் 1918இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பிறந்தவர். மின் பொறியாளராக ஆசைப்பட்டார். அப்பா நாஜிகளின் கோபத்துக்கு ஆளானதால் அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. அச்சகத்தில் படம் திருத்தும் வேலை கற்றுக்கொண்டே, புத்தகங்களைப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கலை பழகினார். போரில் அவரை வரைபடம் வரையப் போட்டார்கள். பூதக்கண்ணாடி இல்லாமலே ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்தை எழுதிய கை அது. 1944இல் தன் நோட்டில் அவர் எழுதிப் பார்த்ததுதான் ஸாப்ஃபினோவுக்கு மூலம்.

ஆனால் ஃபான்ட்டாக அது வெளிவந்தது 1998இல். அவ்வளவு காலம் தடுத்தது ஈயம். பழைய அச்சில் ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டையில் நிற்கும். எழுத்தின் வால் கட்டையைத் தாண்டி நீண்டால் உடைந்துபோகும். பக்கத்துக் கட்டையும் இடிக்கும். 1948இல் விர்ச்சுவோசா என்ற எழுத்துருவில் முயன்ற ஸாப்ஃப், வளைவுகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கணினித் திரையில் கட்டையே கிடையாது. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்துக்கு அடியில் தாராளமாகப் போகலாம். டேவிட் சீகல் என்ற அமெரிக்க இளைஞர் தொண்ணூறுகளில் கணினி எழுத்துருவுக்கான முயற்சியைத் தூண்டிவிட்டு, நடுவில் விலகிப் போனார். ஸாப்ஃப் விடவில்லை. லைனோடைப் நிறுவனத்தோடு சேர்ந்து முடித்தபோது அவருக்கு எண்பது நெருங்கியிருந்தது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தாலே எனக்கு மரியாதை கூடுகிறது.

ஸாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல உருவங்கள் உண்டு. கையால் எழுதும்போது இரண்டு 'என்' ஒன்றுபோல் அமைவதில்லை அல்லவா? ஒரு பெயரில் அடுத்தடுத்து வரும் எழுத்துகளுக்கு வேறு வேறு உருவத்தைப் பொறுக்கிப் போட்டால்தான் பேனா எழுத்தாகும். ஸாப்ஃபினோ என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், மொத்தச் சொல்லும் ஒரே கோலமாக மாறுகிற வசதியைக்கூட உள்ளே வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் சிக்கல் இனிஷியலில் வருகிறது. பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று கேப்பிட்டல் எழுத்துகளை வரிசையாக நிறுத்தினால் சுழிப்புகள் ஒன்றையொன்று குத்தும். முழுப் பெயரையும் கேப்பிட்டலில் கேட்கிறவர்களிடம் நான் முடியாது என்றே சொல்லிவிடுவேன். மணமக்கள் பெயர் மட்டும் ஸாப்ஃபினோ. இனிஷியல், பெற்றோர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் ஆப்டிமா. அதுவும் ஸாப்ஃப் வரைந்ததுதான், 1958இல் வந்தது. சுழிப்பே இல்லாத எழுத்து என்பதால் பக்கத்தில் அமைதியாக நிற்கும்.

இன்னொன்று, இடம். மேலும் கீழும் கோடுகள் நீள்வதால் அதே அளவில் வேறு ஃபான்ட்டைவிட ஸாப்ஃபினோவின் உடல் சிறிதாகத் தெரியும். அளவைக் கூட்டுங்கள், சுற்றிலும் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடத்தில் பிள்ளையாரையும் பூங்கொத்தையும் கொண்டுவந்து நிரப்பச் சொன்னால், ஸாப்ஃபினோவை எடுத்துவிட்டு வேறு ஃபான்ட் போட்டுத் தருகிறேன்.