புற்றரையும் மூடுபயிரும்

புல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் எல்லை ஒன்றன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்துரைக்கின்றது. அவ்வழக்கின்படி தென்னையும் பனையும் புல்லினமேயாம். இக்காலப் பயிர்நூலோ நெல், கரும்பு, மூங்கில், அறுகு ஆகியவற்றை ஒரு குடும்பமாக்கித் தென்னையையும் பனையையும் வேறாகப் பிரிக்கின்றது. பார்வைக்குப் புல்லெனத் தோன்றும் கோரையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாய், உள்ளே துளையின்றி இருக்கும். புல்லின் தண்டு உருண்டு, கணுக்கள் புடைத்து நிற்கும். விரலால் உருட்டிப் பார்த்தே இவ்வேறுபாட்டை மாணவர் அறியலாம்.

புதிதாகப் புல் வளர்க்க முனைவோருக்கு இத்தகைய சொற்றெளிவு பெரிதும் பயன்படும்.

புற்றரை எது?

புல், தரை என்னும் இரு சொற்களும் புணருங்கால் புற்றரை என்றாகும். மிதித்து நடக்கவும், சிறுவர் ஆடவும், அடிக்கடி வெட்டித் தாழ்வாக வைத்துக்கொள்ளவும் ஏற்ற புற்பரப்பே புற்றரை. மண்ணை மூடிப் பரவும் செடிகொடிகள் யாவற்றுக்கும் மூடுபயிர் என்பது பொதுப்பெயர். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பியூரேரியா, செண்ட்ரோசீமா முதலிய அவரையினக் கொடிகளை மூடுபயிராக இட்டனர். அவை மழைநீர் மண்ணை அரிக்காமல் காத்தன. வேர்முண்டுகளின் வாயிலாக நிலத்தில் தழைச்சத்தையும் சேர்த்தன. ஆயினும் அவற்றின்மேல் பந்தாட இயலாது. ஆகவே, மூடுபயிர் வேண்டிய சரிவில் புற்றரையையும், புற்றரை வேண்டிய திடலில் மூடுபயிரையும் இடுவது வீண் செலவாகும்.

ஓடுதண்டும் மட்டநிலத்தண்டும்

புல் இருவகைத் தண்டுகளால் பரவும். நிலத்தின்மேல் படர்ந்து கணுதோறும் வேர்விடுவது ஓடுதண்டு. மண்ணுக்குள் கிடையாக ஓடுவது மட்டநிலத்தண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘கௌ கிராஸ்’ எனப்படும் அகன்ற இலைப்புல் ஓடுதண்டால் பரவுவது. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. சிறிது நிழலையும் தாங்கும். அறுகம்புல்லுக்கு இருவகைத் தண்டும் உண்டு. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். மணமக்களை வாழ்த்துவோர் ஆலைப்போல் தழைக்கவும் அறுகைப்போல் வேரோடவும் வேண்டுவது, கணுதோறும் வேரூன்றும் இவ்வியல்பைக் கண்டறிந்த முன்னோர் கூற்றேயாகும். மணிலாப்புல் மெல்லிய இலையுடையது. மெதுவாக வளர்வதால் அதனை வெட்டும் வேலை குறையும். தரை மூடுவதற்கோ நாட்செல்லும்.

லாலாங் புல்லின் வலிமை அதன் மட்டநிலத்தண்டில் உள்ளது. மேலே வெட்டினாலும் எரித்தாலும் அது மீண்டும் தளிர்க்கும். மண்வெட்டியால் கொத்தி விட்டுவிட்டாலோ, துண்டான தண்டுகள் தனித்தனியே முளைக்கும். ஆகையால், புதுப் புல் நடுமுன் அத்தண்டுகளைத் தோண்டிப் பொறுக்கி அகற்றுதல் இன்றியமையாதது. லாலாங் நிழலைத் தாங்காது. தோட்டங்களில் மூடுபயிர் அடர்ந்து அதனை அடக்கியதற்கு இதுவே காரணம்.

நடும் முறைகள்

வேரும் மண்ணும் சேர்த்துப் பாளமாகப் பெயர்த்தெடுத்த புல்லைப் புற்கட்டி எனலாம். புற்கட்டிகளை இடைவெளியின்றி அடுக்குவது ஒரு முறை; உடனே தரை மூடும், செலவு மிகும். மழைநீர் வேகமாக வழியும் சரிவுகளுக்கு இதுவே தக்கது. சிறு கட்டிகளை இடைவிட்டுப் பதிப்பது மற்றொரு முறை. இதில் செலவு குறையும். இடைவெளியைப் புல் தானே நிரப்பும்வரை களையெடுத்தல் வேண்டும். கணுவுள்ள தண்டுத் துண்டுகளை ஈரமண்ணில் ஊன்றுவது மூன்றாம் முறை. கணு இல்லாத துண்டு வேர்விடாது என்பதை நடுவோர் மறத்தல் ஆகாது. எம்முறையாயினும், வேர் மண்ணைப் பற்றும்வரை ஈரம் காயாதிருக்க வேண்டும். மிதித்தலையும் தவிர்க்க வேண்டும்.

கணு, ஓடுதண்டு, மட்டநிலத்தண்டு என்பன பாடநூலில் மனப்பாடம் செய்யும் பெயர்களாக மட்டும் நின்றுவிடுதல் கூடாது. பள்ளித் திடலின் ஓரத்தில் ஒரு புல்லைப் பிடுங்கி இப்பகுதிகளைக் காட்டினால், பெயரும் பொருளும் மாணவர் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றும்.